ஹாரன் கடைக்கு மேல் வீடு

எங்கள் மாமாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் தாராளமாகச் சொல்வேன். குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். அக்காமேல் ஒருநாள்கூடக் கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதும் இல்லை. கடைக்கு வந்தவனை ஏமாற்றினார் என்று ஊரில் ஒரு பேச்சு கிடையாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று சொல்லித்தான் அம்மா அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்தாள். அத்தனையும் உண்மை. அந்த மனுஷன் செய்த தொழில் வண்டிகளுக்கு ஹாரன் போடுவது. அதுவும் உண்மை.

பெரிய ரோடும் பஸ் நிலையத்துக்குப் போகிற ரோடும் சேருகிற முனையில் கடை. சிக்னலுக்கு நிற்கிற வண்டிகள் எல்லாம் கடை வாசலில்தான் உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு ஷட்டர் அகலத்துக்கு நீளமான அறை. இரண்டு பக்கச் சுவரிலும் விதவிதமாக ஹாரன்கள் தொங்கும், கைக்கடக்கமான வட்ட ஹாரனிலிருந்து பஸ்ஸுக்குப் போடுகிற நீளக் குழல்கள் வரை. பின்னால் காற்றடிக்கும் கம்ப்ரஸர், நடுவில் மர மேஜை, மேஜைக்குக் கீழே பேட்டரி. பக்கத்து இரும்புப் படியில் ஏறினால் மேலே ஒரு அறை, ஒரு சமையலறை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அக்காவின் உலகம் அந்த மாடிதான். பிள்ளை குட்டி இல்லை. அந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளை வந்து பிறக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் எழுந்து போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள்.

ஆரம்பத்தில் மாமாவின் கைவேலைக்கு நல்ல பெயர் இருந்தது. ஹாரனுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் உள்ளே இருக்கும் தகடு இறுகும், தளரும், சத்தம் மாறும். அவர் ஹாரனைக் காதோரம் வைத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். கரகரப்பு போய்ச் சத்தம் உருண்டு வரும்வரை விட மாட்டார். "அண்ணே, நீங்க போட்ட ஹாரனைக் கேட்டா வழி விடணும்னு இல்ல, நின்னு கேக்கணும்னு தோணுது" என்று டிரைவர்கள் சொல்வார்கள். அப்போது நானும் பெருமைப்பட்டவன்தான்.

அப்புறம் ரோட்டில் வண்டி பெருகியது. வருகிற டிரைவரெல்லாம் ஒரே பாட்டைப் பாடினான். "அண்ணே, முன்னால போறவன் திரும்பியே பாக்க மாட்டேங்கிறான். பக்கத்து பஸ்ஸை விட நம்மது கொஞ்சம் கூடவே இருக்கட்டும்." மாமா கூட வைத்துக் கொடுப்பார். அடுத்த வாரம் அந்தப் பக்கத்து பஸ்காரன் வந்து அதே வசனத்தைச் சொல்வான். அவனுக்கும் கூட வைத்துக் கொடுப்பார். இப்படி ஒருத்தனை விட ஒருத்தனுக்குக் கூடுதலாக வைத்து வைத்து ஊரே நாராசமாகிப் போனது. யாருக்கும் வழி மட்டும் கிடைத்தபாடில்லை.

இதில் இன்னொன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. காதோரம் வைத்து ஊதவிட்டால் போகாமல் என்ன செய்யும்? ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து ஹாரனில் தகடு சரியில்லை, சத்தமே வருவதில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டினார். காது கைவிட்டதும் புது வழி ஒன்று கண்டுபிடித்தார். மேஜைமேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார். ஹாரனை அடிக்கும்போது தண்ணீர் அலை அடித்தால் சரி என்று அர்த்தம். போகப் போக அலை போதவில்லை, தண்ணீர் தளும்பிக் கீழே சிந்த வேண்டும் என்று ஆனது. அப்போதுதான் அவர் முகத்தில் திருப்தி வரும். மேஜை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும்.

முதலில் இதைக் கண்டுபிடித்தவள் அக்கா.

"தம்பி, ஊர்ல சத்தம் கூடுது கூடுதுன்னு எல்லாரும் புலம்புறாங்களே, காரணம் எனக்குத் தெரியும்டா. இவருக்குக் காது கேக்கல. அதான் ஊரே கத்துது" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவருடன் பேசுவதே ஒரு கூத்து. அக்காவின் வாயசைவு மட்டும் அவருக்குப் புரியும், இத்தனை வருஷப் பழக்கம். மற்றவர்கள் பேசினால் முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டி, தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடுவார். "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டால், "அதுக்கென்ன, அடுத்த வாரம் வரச் சொல்லு, பாத்துக்கலாம்" என்பார். திரும்பக் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். டிரைவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது, பேசவே வேண்டாம். மேஜையைத் தட்டி விரலை மேலே காட்டினால் போதும். இன்னும் கொஞ்சம் கூட.

சாப்பிடக் கூப்பிடுவதற்கு அக்கா மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். கீழே வாசலில் நிற்கிற பஸ் டிரைவர் எட்டிப் பார்ப்பான், இவர் பார்க்க மாட்டார். கடைசியில் அவளும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாடித் தொட்டியிலிருந்து வருகிற இரும்புத் தண்ணீர் பைப், சமையலறைச் சுவரோரமாக இறங்கித் தரையைத் துளைத்துக் கீழே கடைக்குள் போகும். சரியாக மாமா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். அக்கா மேலே கரண்டியால் பைப்பைத் தட்டினால் கீழே அதிரும். மாமா இடது கையைப் பைப்பில் வைத்துக்கொண்டுதான் நிற்பார். விட்டு விட்டுத் தட்டினால் சாப்பிட வா. விடாமல் தட்டினால் போட்டதைப் போட்டபடி ஓடி வா. ஒருமுறை கேஸ் அடுப்பில் துணி பற்றிக்கொண்டபோது விடாமல் தட்டினாள், மாமாவும் படியேறி ஓடினார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் அந்தப் பைப்மேல் பெரிய நம்பிக்கை. சத்தம் இல்லாமல் பேசிக்கொள்ள அந்த வீட்டில் இருந்த ஒரே வழி அதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கும்.

நான் அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கடையில் என்ன விற்கிறது என்று பார்த்தாலே இந்த ரோடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். தலைவலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை. ஜன்னலோரத்தில் பிள்ளையைப் படுக்கவைக்கிற தாய்மார்கள் காதில் வைக்கப் பஞ்சு கேட்டு வருவார்கள். சிக்னலில் நிற்கிற டிராபிக் போலீஸ்காரருக்கு இந்த வயதிலேயே ஒரு காது போய்விட்டது. யாரும் யாரிடமும் பேசுவதில்லை, கத்துகிறார்கள். கத்தினால் கோபம் வருகிறது. கோபம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறார்கள். வாங்குகிற மாத்திரைக்குக் காரணம் இந்தச் சத்தம்தான் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. வயசாகிவிட்டது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அந்த வரிசையில் அக்காவும் வந்து சேர்ந்தாள். முதலில் தலைவலி என்றாள். பிறகு படபடப்பு. எடுத்த பொருளை வைத்த இடம் மறந்தது. பாத்திரம் விழுந்தால் உடம்பு தூக்கிப்போட்டது. எதற்கும் எரிந்து விழாதவள் காய்கறிக்காரியிடம் சண்டைக்குப் போனாள், வீட்டுக்கு வந்து அழுதாள். நான்தான் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் 'இங்கே ஒலி எழுப்பாதீர்' என்று ஒரு பலகை உண்டு. அந்தப் பலகைக்குக் கீழேதான் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் ஏற்ற நின்று ஹாரன் அடிப்பார்கள். அக்கா அதைப் பார்த்து, "மாமா கைவேலை எது எதுன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

டாக்டர் சின்னப் பெண். பிரஷர் பார்த்துவிட்டுத் திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"நைட்ல தூங்குறீங்களாம்மா?"

"தூங்குறேனே. எனக்கு எல்லாம் பழகிடுச்சு டாக்டர்."

"உங்களுக்குப் பழகிடுச்சு. உங்க இதயத்துக்குப் பழகலையே. நீங்க தூங்கினாலும் காது தூங்காது. ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு திடுக்குன்னு ஆகுது, பிரஷர் ஏறுது. காலையில எழுந்தா உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?"

அக்கா சொன்னாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரையை நம்பி அங்கேயே இருந்துடாதீங்க. வீட்டை மாத்துங்க. சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க, இப்படியே விட்டா ஒருநாள் மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடும்."

அன்றைக்கே அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். நான் இருப்பது ஊருக்கு வெளியே, குறுக்குச் சந்தில். பஸ் உள்ளே நுழைய முடியாது. முதல் நாள் அக்காவுக்குத் தூக்கமே வரவில்லை. ஏதோ நின்றுபோன மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். பிறகு தூங்க ஆரம்பித்தாள். தூக்கமா அது? என் மனைவி போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். பகலெல்லாம் தூங்கினாள், எழுந்து சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். பிரஷர் இறங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஒருநாள் அடுப்படியில் மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். என் அக்கா பாடுவாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஆனால் திரும்பிப் போய்விட்டாள். "அவருக்கு நான் இல்லாட்டி ஒருத்தர் பேசறதும் புரியாதுடா. சாப்பிடக் கூப்பிட ஆள் இல்லாம டீயைக் குடிச்சிட்டே கெடப்பாரு" என்றாள்.

"உன் உசுரு போயிடும்க்கா."

"போனா போகட்டும், இங்க உக்காந்துட்டு அவர் சாப்பிட்டாரான்னு நெனச்சுட்டிருந்தாலும் பிரஷர் ஏறத்தானே செய்யும்."

இந்தப் பெண்களை என்ன செய்வது? நான் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அந்த ஆட்டோக்காரனும் சந்து முனை திரும்பியதும் ஹாரன் அடித்தான், எதிரில் ஒரு பூனைகூட இல்லை.

சரி, வீட்டில் சொல்லித்தான் கேட்கவில்லை, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போய்ப் புகார் சொன்னேன். சத்தத்தை அளக்கிற கருவியோடு ஒரு அதிகாரி வந்தார். சிக்னலுக்குப் பக்கத்தில் நின்று அளந்தார். முள் எகிறியதைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "மனுஷன் இருக்கிற இடமா சார் இது?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. அதிகாரி மாமாவின் கடைக்குள் போனார். கையைக் காலை ஆட்டி ஏதோ பேசினார், மாமா தலையை ஆட்டினார். அப்புறம் அதிகாரி தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். "வந்ததுதான் வந்தேன், இதுக்கும் நல்லதா ஒண்ணு போட்டுடச் சொல்லுங்க சார். ஹாரன் அடிச்சாலும் ஒருத்தனும் வழி விட மாட்டேங்கிறான்" என்றார். மேஜைமேல் தண்ணீர் சிந்தியது. அதிகாரி சந்தோஷமாகப் போனார்.

அதற்குப் பிறகுதான் நான் மாமாவோடு சண்டைக்கு நின்றேன். அக்காவை நடுவில் உட்கார வைத்து, நான் சொல்வதை அப்படியே வாயசைத்துச் சொல்ல வைத்தேன். தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டியிருந்ததால் அவள் பாதியை விழுங்கினாள். "முழுசா சொல்லுக்கா, ரத்தக்குழாய் வெடிச்சிடும்னு டாக்டர் சொன்னதையும் சொல்லு" என்று அதட்டினேன். சொன்னாள். மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"ஏன் யாரும் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை தடவை சொல்லியிருப்போம்! ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"போயிடலாம். உன் தம்பி சந்துலயே ஒரு வீடு பாக்கச் சொல்லு. கடையையும் விட்டுடறேன், ஏதாவது ரிப்பேர் வேலை பாத்துக்கறேன்" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு ஆர்டர் மட்டும் கையில இருக்கு மாப்ளே. புது பஸ் கம்பெனி, எல்லா வண்டிக்கும் ஏர் ஹாரன். வாக்கு கொடுத்துட்டேன். அதை முடிச்சிட்டு மூட்டையைக் கட்டிடலாம்."

நான் வீடு பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. அக்கா வந்து பார்த்து, அடுப்பு மேடை உயரமாக இருக்கிறது என்று குறை சொல்லி, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று என் மனைவியோடு வாக்குவாதம் செய்துவிட்டுப் போனாள். மாடியில் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டினாள். கீழே ஒவ்வொரு பஸ்ஸாக வந்து ஹாரன் மாட்டிக்கொண்டு போனது. எல்லாம் ஒரே மாதிரி அலறின. நான் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இது ஒன்று, இன்னும் கொஞ்சம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி பஸ்ஸும் வந்தது. மத்தியான நேரம், வெயில். மாமா அதை மாட்டி முடித்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுக்கு இன்னும் கூப்பிடவில்லையே என்று அவராகவே மாடிக்கு ஏறியிருக்கிறார். அக்கா சமையலறைத் தரையில், பைப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். கையில் கரண்டி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் சிக்னல் விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அலறியது. அதற்குப் பின்னால் நின்ற வண்டிகளும் அலறின. எந்தச் சத்தத்துக்கு யார் வழி விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அந்தச் சின்ன டாக்டர்தான் பார்த்தார். என்னைப் பார்த்து, உயிர் இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். பிரஷர் கூடியதால் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அந்தப் பிரஷர் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடைசி பஸ்ஸின் டிரைவர் வந்தார். ஆள் உயரம், நெட்டை டிரைவர் என்றால் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்க முடியல."

"சொல்லுங்க."

"ஹாரன் மாட்டி முடிச்சதும் அண்ணன் கைகாட்டினாரு, நான் அடிச்சேன். டம்ளர் தண்ணி நல்லா சிந்துச்சு. போதும்னு கையை எடுத்துட்டேன். அண்ணன் ஒரு கையைப் பைப்புல வெச்சுட்டு நின்னாரு. நான் கையை எடுத்த பிறகும் அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. 'பாரு, பாரு, பைப்பே எப்படி அதிருது பாரு! இந்த மாதிரி ஹாரன் இதுவரைக்கும் நான் போட்டதே இல்ல'ன்னாரு." அவர் நிறுத்தினார். "தம்பி, அப்ப நான் ஹாரனை அடிக்கவே இல்ல. இன்ஜினையும் ஆஃப் பண்ணிட்டேன். எனக்கு அந்தப் பைப் விஷயம் ஒண்ணும் தெரியாது. அண்ணன் சிரிக்கிறாரேன்னு நானும் சிரிச்சேன்."

அக்கா விடாமல் தட்டியிருக்கிறாள். போட்டதைப் போட்டபடி ஓடி வா என்று தட்டியிருக்கிறாள். அவர் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தன் ஹாரன் என்று நினைத்து, அந்த மனுஷன் பெருமைப்பட்டுச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் நின்னுடுச்சு போல. அண்ணன் கையை எடுத்துட்டாரு."

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரை அனுப்பி வைத்தேன். எனக்கு மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை அக்காவைக் கடை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மாடிப்படி குறுகல், மேலே கொண்டுபோக முடியவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் மாமா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கஷ்டப்படாம போயிட்டா. ஒரு நொடியில போயிட்டா. முடியலைன்னா கூப்பிட்டிருப்பா. நான் பைப்புல கை வெச்சுட்டுதானே நின்னேன், எனக்குத் தெரியாம போயிடுமா?" கேட்டவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். நெட்டை டிரைவர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் மாமாவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அந்தப் பேச்சு ஒவ்வொரு முறை காதில் விழும்போதும் நாக்கு நுனிவரை வந்தது. நீ கொன்றாய் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் இவரும் பிழைக்க மாட்டார் என்றும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. அக்காவை ஏற்றினோம். அப்போதுதான் ரோட்டைப் பார்த்தேன். பஸ்கள் வரிசையாக நின்றன, சிக்னல் தாண்டி வளைவு வரைக்கும். டிரைவர்களில் யாராவது செத்துப்போனால் வண்டிகளை நிறுத்தி எல்லோரும் ஒன்றாக ஹாரன் அடிப்பது அவர்கள் மரியாதை. தங்கள் ஹாரன்காரர் வீட்டில் சாவு, விடுவார்களா? மூத்த டிரைவர் ஒருவர் ரோட்டின் நடுவில் நின்று கையைத் தூக்கினார்.

"வேண்டாங்க! அவளுக்கு வேண்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் கையை இறக்கினார்.

எல்லா பஸ்ஸும் ஒன்றாக அடித்தன. அத்தனையும் மாமா கையால் முடுக்கிய ஹாரன்கள். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைக்குள் மேஜையில் யாரோ குடித்துவிட்டு வைத்த டம்ளர் அதிர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. காதைப் பொத்தாமல் இருந்தது இரண்டே பேர், வண்டிக்குள் அக்கா, வண்டிக்குப் பக்கத்தில் மாமா.

அவரைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். அத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்துவிட்டது.

"உங்களாலதான்! நேத்து அது ஹாரன் இல்ல மாமா! அக்கா தட்டினா! உங்க கையைப் பைப்புல வெச்சுட்டே அவளைச் சாக விட்டீங்க!"

மாமா என் முகத்தையே பார்த்தார், என் வாயையும் பார்த்தார். என் கண்ணில் வழிந்ததைத் துடைத்துவிட்டார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் பஸ் வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"ஆமா மாப்ளே, நல்லா அடிச்சாங்க. உங்க அக்காவுக்குக் கேட்டிருக்கும்."